ஆயிரம் ரூபாய் உதவித்தொகை: கத்தரி விழுந்தது யார் மீது?

பிப்ரவரி 1ஆம் தேதி ஒன்றிய அரசின் அடுத்த பட்ஜெட் வருகிறது. தொலைக்காட்சிகள் வழக்கம்போல வருமான வரி, தங்கம், செல்போன் விலை என்று பேசும். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்கள் அமெரிக்க வரியைச் சமாளிக்க என்ன நிவாரணம் வருகிறது என்று பார்க்கும். சிறுபான்மையினர் நலத்துறைக்கு எவ்வளவு, அதில் பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எவ்வளவு என்பதை நாமாகத் தேடிப் படித்தால்தான் உண்டு.

தேடிப் படித்தவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளின் கணக்கு தெரியும். 1 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு 2022-23 பட்ஜெட்டில் ஒதுக்கியது 1,425 கோடி ரூபாய். 2023-24இல் அது 433 கோடி ஆனது. 2024-25இல் சுமார் 326 கோடி. 2025-26இல் சுமார் 196 கோடி. மூன்றே பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. 2023-24இல் இரு மடங்காக உயர்த்தப்பட்ட மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகையும் 2025-26இல் 1,145 கோடியிலிருந்து 414 கோடியாக வெட்டப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் நிறுத்தப்பட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியமும் நின்றுபோனது.

அரசு செலவைக் குறைக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கொரோனா ஆண்டான 2020-21இல் ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியது. அதை 2025-26இல் 4.4 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக இலக்கு வைத்தார்கள். கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவதில் உள்ள ஆபத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் நமக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். நம் கேள்வி வேறு. குடும்பச் செலவைக் குறைக்க முடிவெடுத்த தகப்பன் முதலில் கை வைப்பது தன் செலவிலா, கடைக்குட்டியின் தட்டிலா?

2022 நவம்பர் கடைசி வாரத்தை நாம் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு ஏன் என்றால் மற்ற நாட்களில் இந்த ஊரில் பெற்றோரைப் பார்க்கவே முடியாது. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வீடு. வருமானச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, பள்ளி ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கூலியை இழந்து அலைந்து அவர்கள் கொண்டுவந்த காகிதங்கள் அவை. விண்ணப்பம் முடிந்து சரிபார்ப்பு நடக்கும் நேரத்தில் அறிவிப்பு வந்தது: கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 8 வரை கல்வி இலவசம், ஆகவே இனி 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே உதவித்தொகை.

அடுத்த ஞாயிறு வந்த ஒரு சகோதரி, செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆயிரம் ரூபாதானேன்னு எல்லாரும் சொல்றாங்க பாய். எங்களுக்கு அது நாலு மாசத்து டியூஷன் காசு. டியூஷன்னா படிப்புக்கு மட்டும் இல்லீங்க. சாயந்தரம் நாலு மணியில இருந்து நாங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் புள்ளைங்க இருக்க ஒரு இடம் வேணும்ல?"

ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து சேர்க்கைக் கட்டணம், மாதம் 350 ரூபாய் வரை பள்ளிக் கட்டணம் ஆகியவையும் கிடைத்து வந்தன. திட்டம் 2008இல் தொடங்கியது. இந்தத் தொகைகள் கடைசிவரை அப்படியேதான் இருந்தன. அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் இலவசம் என்பது உண்மை. அதற்காக இந்த மாநிலத்துக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் பனியன் நகரத்துக் குடும்பத்தில் பிள்ளையின் படிப்புச் செலவு பள்ளி வாசலோடு முடிவதில்லை. டெல்லியில் அறிவிப்பை எழுதியவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அந்த அறிவிப்பில் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பிரமதி வழக்கு என்று சொல்வார்கள். 2022இல் அந்தத் தீர்ப்புதான் நடைமுறையில் இருந்தது. அப்படியென்றால் நம்மவர்கள் நடத்தும் பள்ளியிலும் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்தும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சட்டத்தின் இலவசம் இருக்கிறது என்று சொல்லி உதவித்தொகையை நிறுத்தினார்கள்?

அதைவிட வேதனை அடுத்து நடந்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கான பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தனியார் பள்ளிகளில் ஏழைகளுக்கான 25 சதவீத இடத்துக்குத் தரவேண்டிய பணமும் அதில் சிக்கியது. 2025 கோடையில் திறக்க வேண்டிய அந்தச் சேர்க்கை, பள்ளி திறந்து மாதங்கள் கடந்து அக்டோபரில்தான் நடந்தது. கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே, உங்களுக்கு எதற்கு உதவித்தொகை என்று கேட்டவர்கள், அந்தச் சட்டத்துக்கான நிதியையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியலின மாணவர்களுக்கான உதவித்தொகை 9, 10ஆம் வகுப்புக்குத்தான் இருக்கிறது, அதோடு இதையும் சமமாக்கினோம் என்பது அரசின் இன்னொரு வாதம். சமம் என்பது நல்ல சொல். ஆனால் அங்கே பெற்றோரின் வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இங்கே ஒரு லட்சம். சமமாக்குவதாக இருந்தால் அதையும் சமமாக்கியிருக்கலாமே! மேலும் சச்சார் கமிட்டி 2006இல் எதைச் சொல்லி எச்சரித்தது? 6 முதல் 14 வயதுக்குள் உள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது போய் நின்றவர்கள் என்றது. 6 முதல் 14 வயது என்றால் 1 முதல் 8ஆம் வகுப்பு. எந்த வயதில் பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று அரசின் கமிட்டியே கண்டதோ, அந்த வயதுக்கான உதவியைத்தான் நிறுத்தினார்கள். திருப்பூரில் ஒரு காலத்தில் நழுவிய பிள்ளை எங்கே போனான் என்று இந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பவர் டேபிளுக்குப் பக்கத்தில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும்தான்.

இந்த ஒரு லட்சம் வரம்பைப் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டும். திட்டம் தொடங்கிய 2008-09இல் தனிநபர் வருமான வரி விலக்கு வரம்பு 1,50,000 ரூபாய். உதவித்தொகைக்கான வரம்பு 1,00,000. இரண்டும் அருகருகே இருந்தன. 2025-26 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதனால் அரசுக்கு ஒரு லட்சம் கோடி வருமானம் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். நடுத்தர வர்க்கத்துக்கு விலைவாசி ஏறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட முடிவு அது. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஏழையின் வரம்பு ஒரு லட்சத்திலேயே நிற்கிறது. ஏழைக்கு மட்டும் விலைவாசி ஏறவில்லையா?

ஓவர்லாக் டெய்லர் ஒருவர் நாளொன்றுக்கு 400 ரூபாய் சம்பாதிப்பதாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 1,20,000. அவர் ஏழை இல்லை என்கிறது திட்டம்! வீட்டு வாடகை கட்டி, கேஸ் வாங்கி, மாமியார் மருந்து வாங்கிய பின் சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமை வரை தாங்காத குடும்பம் அது. எதையும் ரத்து செய்ய வேண்டாம், அறிவிப்பு வெளியிட வேண்டாம், எதிர்ப்பும் வராது. வரம்பை உயர்த்தாமல் இருந்தாலே போதும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாமாகப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். செலவுக் குறைப்பில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு இதுதான்.

இதற்கு ஊரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். 72,000 ரூபாய் என்று வருமானச் சான்று வாங்குவது. கோம்பைத்தோட்டத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் சகோதரரிடமும் பக்கத்தில் இருந்தவர் அதைத்தான் சொன்னார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். "பொய் எழுதி வாங்குற காசுல எம்பையன் படிக்க வேணாம் பாய்." ஏழையைப் பொய் சொல்லவும் வைத்து, பொய் சொல்ல மறுத்தவனைத் தண்டிக்கவும் செய்கிற ஒரு விதி நியாயமான விதியா?

இனி மறுபக்கம். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி பெருநிறுவனங்களுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி இழப்பு என்று அரசே அன்று கணக்குச் சொன்னது. வெட்டப்படுவதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகை 1,425 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறில் ஒரு பங்கு. உதவித்தொகைக்குக் கத்தரி விழுந்த அதே 2023-24 பட்ஜெட்டில், ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கான கூடுதல் வரி 37 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. 2025-26இல் ஒன்றிய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி ஆகிய ஆறு சமூகங்களுக்குமான சிறுபான்மையினர் நலத்துறையின் பங்கு 3,350 கோடி. அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் ஏழு காசுகூட இல்லை. இதைச் சேமித்துத்தான் பற்றாக்குறை தீருமா?

இதைச் சொன்னால் "நாங்கள் கட்டும் வரியில் உங்களுக்கு இலவசமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டிவிட்டுத்தான் வாங்குகிறார். இந்தத் தொழிலில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு. 1920களில் கல்கத்தாவில் பார்த்த பின்னல் இயந்திரத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் குலாம் காதர் சாகிப் என்றுதான் திருப்பூரின் தொழில் வரலாறு தொடங்கும். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்று இங்கிருந்து போகிறது. அரசு இந்த ஊருக்கு உதவாமலும் இல்லை. 2010-11 பட்ஜெட்டில் சாயக்கழிவைச் சுத்திகரிக்க 200 கோடி கொடுத்தார்கள். 1999இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி இயந்திரம் வாங்க 2022 வரை மானியம் தந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது பஞ்சு இறக்குமதி வரியை ரத்து செய்தார்கள். ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் உத்தரவாதமும் அறிவித்தார்கள். கம்பெனி பிழைத்தால்தான் வேலை பிழைக்கும், எனவே அவையெல்லாம் தேவைதான். ஆனால் ஆர்டர் நின்று ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகவும், வாரம் ஆறு நாள் நாலு நாளாகவும் சுருங்கிய வீட்டுக்கு எந்த உத்தரவாதம் வந்தது?

அமெரிக்கா கைவிட்டதும் திருப்பூர் இப்போது பிரிட்டனைப் பார்க்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி நம் ஆடைகள் அங்கே வரியில்லாமல் போகும். துணி வாங்கும் அந்த நாட்டிடமிருந்து நாம் கற்க ஒரு பாடமும் இருக்கிறது. 2008இல் வங்கிகள் சரிந்தன. அரசு கடன்பட்டு அவற்றைக் காப்பாற்றியது. 2010 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் சுமார் 81 பில்லியன் பவுண்ட் செலவுக் குறைப்பை அறிவித்தார். இந்தக் கஷ்டத்தில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம் என்பது அவர்களின் முழக்கம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்கு மேலும் படிப்பைத் தொடர வாரம் 30 பவுண்ட் வரை கொடுத்து வந்த உதவித்தொகை இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? பணம் கொடுக்காவிட்டாலும் இவர்களில் பெரும்பாலோர் படிக்கத்தான் போகிறார்கள் என்றார்கள். நமக்குச் சொன்ன காரணத்தின் மூத்த அண்ணன் அது. அதே காலத்தில் விற்பனை வரி 17.5இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. நிறுவனங்களின் வரி 28இலிருந்து படிப்படியாக 19க்கு இறங்கியது. 2018இல் ஐ.நா.வின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, மக்களில் ஐந்தில் ஒருவர் வறுமையில் இருக்கிறார் என்று சொன்னார். அவ்வளவு பணக்கார நாட்டில்!

மோசடியைப் பற்றி நாம் மௌனமாக இருந்தால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. 2023இல் ஒன்றிய அரசு 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 போலியானவை அல்லது செயல்படாதவை என்று தெரிந்தது. ஐந்து ஆண்டில் சுமார் 144 கோடி ரூபாய் பறிபோனதாகச் சொல்லி வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. ஏழைப் பிள்ளையின் பணத்தைத் தின்றவன் நம் பெயர் வைத்திருந்தாலும் அவனுக்கு நாம் வக்காலத்து வாங்கப்போவதில்லை. கடுமையாகத் தண்டிக்கட்டும். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? வங்கியை ஏமாற்றிவிட்டு வெளிநாடு போனவர்களுக்காகத் தொழில் கடனையே நிறுத்திவிட்டார்களா?

மாநில அரசின் கணக்கும் இருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தங்கமும் பணமும் தந்து வந்த திட்டத்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கினார்கள். குமர்ப் பெண்ணை வைத்திருந்த பல வீடுகளுக்கு அன்று வருத்தம்தான். ஆயினும் கல்யாணத்துக்குக் கொடுப்பதைக் காட்டிலும் கல்லூரிக்கு மாதம் ஆயிரம் கொடுப்பது மேல் என்றே நாம் நினைக்கிறோம். ஒரு செலவை வெட்டினால் அதைப் பயன்படுத்திய அதே ஏழைகளிடம் வேறு வடிவில் திருப்பித் தந்தார்கள். ஆனால் அதிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பெண்களை முதலில் விட்டுவிட்டார்கள். அந்தக் குறை தீர 2024 டிசம்பர் கடைசி வரை ஆனது. காலை உணவுத் திட்டம்தான் திருப்பூருக்கென்றே செய்தது போல அமைந்தது. எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடும் தாய், பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்ற நிம்மதியோடு ஓடுகிறாள். அதுவும் உதவி பெறும் பள்ளிகளுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

"அரசை ஏன் நம்பியிருக்க வேண்டும், ஜகாத் இருக்கிறதே, பைத்துல்மால் இருக்கிறதே" என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். 2022க்குப் பிறகு பல மஹல்லாக்களில் பைத்துல்மால்கள்தான் பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டின, அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் திருப்பூர் போன்ற ஒற்றைத் தொழில் நகரத்தில் இதற்கு ஓர் எல்லை உண்டு. காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர், பத்து மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்பவர், செக்கிங் செய்யும் சகோதரி எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். ஆர்டர் நின்றால் கேட்டு வருபவர் கூட்டம் எந்த ரமலானில் அதிகமோ, அதே ரமலானில்தான் கொடுப்பவர் கையும் சுருங்குகிறது. ஓர் ஊரே ஒன்றாகச் சரியும்போது வேறு ஊர்களின் பணத்தைக் கொண்டு தாங்கத்தான் பொது நிதி என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த ஜமாஅத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

நம் பக்கத்திலும் குறை உண்டு. 2022க்குப் பிறகு கண்டனக் கூட்டம் போட்டோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். எந்த மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் உதவித்தொகை இழந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்ற பட்டியல் நம் கையில் இல்லை. பெரியதோட்டத்திலும் மங்கலத்திலும் தாராபுரத்திலும் பள்ளிவாசல் வாரியாக ஒரு நோட்டில் இதை எழுதி வைக்க இரண்டு ஞாயிறு போதும். ஒரு லட்சம் வரம்பை இரண்டரை லட்சமாக உயர்த்து, 1 முதல் 8 வரை மீண்டும் கொடு என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய் நிற்கும்போது அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் நேரம் போதாது என்றால் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பாவது கொடுக்கலாம்.

பொய்ச் சான்று வாங்க மறுத்த அந்த டெய்லர் சகோதரரின் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. விதிப்படி அவனுடைய வகுப்பு உதவித்தொகைக்குள் வந்துவிட்டது. தகப்பனாரின் கூலி இந்த மூன்றாண்டில் நாளுக்கு நாற்பது ரூபாய் கூடியிருக்கிறது.